நோய்க்கு ஒரு கணக்கு, விசாவுக்கு வேறு கணக்கு

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்ப் பலகைகளுக்குச் சமமாக வங்காளிப் பலகைகள் தொங்குகின்றன. லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை, பணம் மாற்றும் கடை எதுவானாலும் வங்காள எழுத்து உண்டு. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வேலூர்க்காரரே அந்த மொழியில் விலை பேசுவார். மேற்கு வங்கத்திலிருந்தும் திரிபுராவிலிருந்தும் வருகிறவர்களோடு, எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்து வருகிறவர்களும் பல ஆண்டுகளாக இங்கே தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். சென்னையில் கிரீம்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளிலும் ஓமானியர், இலங்கையர், ஆப்பிரிக்க நாட்டவர் என்று பல தேசத்து நோயாளிகள் ஃபைலும் கையுமாக நடப்பதைப் பார்க்கலாம்.

இவர்களில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் டாக்டரின் அறைக்கு வருவதற்கு முன்பே இன்னொருவருடைய சம்மதத்தைப் பெற்றாக வேண்டியவர்கள். அவர் விசா அதிகாரி. வெளிநாட்டு வைத்தியம் என்றால் செலவு எவ்வளவு, டாக்டர் யார், பிழைக்க வாய்ப்பு எத்தனை என்றுதான் பேசுவோம். விசாவை ஏஜெண்ட் பார்த்துக்கொள்ளும் வேலை என்று ஒதுக்கிவிடுவோம். ஆனால் நோயாளி உரிய நேரத்தில் வந்து சேர்வாரா, தொடங்கிய சிகிச்சையை முடித்துக்கொண்டு திரும்புவாரா என்பதில் அந்த முத்திரைக்குப் பெரும் பங்கு இருக்கிறது. மருத்துவ விசாவுக்கு அரசுகள் என்ன கேட்கின்றன, ஏன் கேட்கின்றன, அவற்றில் எது நியாயம், எது நோயாளியைக் கைவிடுகிறது என்பதை இந்தக் கட்டுரை பார்க்கிறது. பெரும்பாலான விதிகள் ஒரு பயணத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தீவிர நோயோ மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் நீள்வது. கோளாறு தொடங்கும் இடம் அதுதான்.

எல்லா நாடுகளும் கேட்கும் மூன்று கேள்விகள்

நாட்டுக்கு நாடு படிவம் மாறினாலும் அதற்குள் இருக்கும் கேள்விகள் மூன்றுதான். உண்மையிலேயே நோய் இருக்கிறதா? செலவுக்குப் பணம் இருக்கிறதா? சிகிச்சை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவீர்களா?

அமெரிக்காவில் வைத்தியத்துக்கென்று தனி விசா கிடையாது. சுற்றுலாப் பயணிக்கும் நோயாளிக்கும் ஒரே பி-2 விசாதான். நோயாளி கூடுதலாக மூன்று ஆவணங்களைக் காட்ட வேண்டியிருக்கும். நோய் என்ன, அமெரிக்காவில் ஏன் பார்க்க வேண்டும் என்று உள்ளூர் டாக்டர் எழுதிய கடிதம் ஒன்று. சிகிச்சை தரச் சம்மதம், எத்தனை நாளாகும், மொத்தச் செலவு எவ்வளவு என்று அமெரிக்க மருத்துவமனை தரும் கடிதம் இரண்டாவது. பயணம், தங்கல், வைத்தியம் மூன்றுக்கும் பணம் இருப்பதற்கான சான்று மூன்றாவது. இவை எல்லாம் சரியாக இருந்தாலும் விண்ணப்பதாரர் அங்கேயே குடியேற நினைக்கிறார் என்றுதான் அந்நாட்டுச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நோயாளியின் தலையில் விழுகிறது.

பிரிட்டன் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிச் சிகிச்சை பெறுவோருக்குப் பார்வையாளர் விசாவிலேயே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. சாதாரணப் பார்வையாளர் 6 மாதம் தங்கலாம். நீண்ட சிகிச்சைக்கு 11 மாத விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில் சிகிச்சை தரப்போகும் டாக்டரின் கடிதத்தில் நோய், செலவு, கால அளவு, இடம் எல்லாம் இருக்க வேண்டும். 6 மாதத்துக்கு மேல் தங்குவதானால், பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து வருவோர் காசநோய்ப் பரிசோதனைச் சான்று தர வேண்டும். அங்கே போனபின் சிகிச்சை நீண்டால், அதுவரையான கட்டணத்தைச் செலுத்தியதற்குச் சான்று காட்டி இன்னும் 6 மாதம் நீட்டிக்கக் கேட்கலாம். சிகிச்சை நீளக்கூடும் என்பதை முன்பே எண்ணி எழுதிய விதி இது.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் குறுகிய கால விசாவுக்கு 180 நாளில் 90 நாள் என்பதே வரம்பு. மருத்துவமனையின் அதிகாரபூர்வ ஆவணம், சிகிச்சைக்குப் போதிய பணம், குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு ஆகியவை தேவை. அந்தக் காப்பீடு திடீர் நோய்க்கும் விபத்துக்குமானது. எந்த நோய்க்காகப் போகிறோமோ அதன் செலவு அதில் சேராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் காப்பீடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் கிளம்புகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

கிழக்கு ஆசிய நாடுகள் சில நோயாளிக்கென்றே தனி விசா வகையை வைத்திருக்கின்றன. தென்கொரியாவில் 90 நாள் வரையிலான சிகிச்சைக்கு ஒரு விசா, அதற்கு மேற்பட்ட நீண்ட சிகிச்சைக்கு வேறொரு விசா. ஜப்பான் 2011 ஜனவரியில் மருத்துவத் தங்கல் விசாவைத் தொடங்கியது. அங்கே அரசிடம் பதிவு பெற்ற ஒரு நிறுவனம் நோயாளிக்குப் பொறுப்பேற்க வேண்டும். உடன் வருகிறவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்று ஜப்பான் வற்புறுத்துவதில்லை. தேவையென்றால் நண்பரும் வரலாம். தனிமையில் வாழும் முதியவருக்கு இந்த ஒரு சலுகை எவ்வளவு பெரியது என்பதை, ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் படுத்தவர்கள் அறிவார்கள்.

பணத்தைக் காட்டுவது தனிக் கதை. இந்தியாவிலிருந்து வெளியே போகும் நோயாளிக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற பொது வரம்பு உண்டு. டாக்டரோ வெளிநாட்டு மருத்துவமனையோ தரும் செலவு மதிப்பீட்டைக் காட்டினால் அந்த வரம்பைத் தாண்டியும் வங்கி வழியாகப் பணம் அனுப்பலாம். எஸ்டிமேட் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்த ஒற்றைத்தாள் விசா அதிகாரியிடமும் பேசுகிறது, வங்கியிடமும் பேசுகிறது. அதை மருத்துவமனையிடம் கேட்டு வாங்கும்போதே அறுவை, படுக்கை, மருந்து, மறு பரிசோதனை எல்லாம் பிரித்து எழுதச் சொல்லி வாங்குவது நல்லது.

விசா கிடைத்த பிறகும் ஒரு வாசல் பாக்கி இருக்கிறது. ஆக்சிஜனோ ஸ்ட்ரெச்சரோ தேவைப்படும் நோயாளியை ஏற்றிக்கொள்ள, விமான நிறுவனம் தன் மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்கிவரச் சொல்லும். அந்த நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு சரி என்று சொன்ன பிறகே பயணம் உறுதியாகும். இதற்கான நாட்களையும் சேர்த்துத்தான் டிக்கெட் போட வேண்டும்.

இந்தியாவின் கதவு

இந்தியா 2005-இல் மருத்துவ விசா என்ற தனி வகையை உருவாக்கியது. நோயாளிக்கு ஒரு விசா, துணைக்கு வரும் அட்டெண்டருக்கு இன்னொரு விசா. வழக்கமான மருத்துவ விசா சிகிச்சைக் காலத்துக்கோ ஓராண்டுக்கோ, எது குறைவோ அதுவரை வழங்கப்படும். மூன்று முறை வந்து போகலாம். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர்கள் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்று எல்லாரும் சொல்லும் இந்த அலுவலகம் சென்னையில் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கிறது. 2018 முதல் பெரும்பாலான வேலைகள் இணையம் வழியாகவே நடக்கின்றன.

2017 ஏப்ரலில் இ-விசாவில் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு வந்தது. தூதரகத்துக்கு அலையாமல் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு நான்கு நாளுக்கு முன்பு வரை கேட்கலாம். இந்திய மருத்துவமனையின் கடிதம் கட்டாயம். முதலில் வந்திறங்கிய நாளிலிருந்து 60 நாள் தங்கலாம், அதற்குள் மூன்று முறை வந்து போகலாம். ஒரு நோயாளிக்கு இரண்டு அட்டெண்டர்கள் வரை விசா பெறலாம். 2023-இல் ஆயுர்வேதம், சித்த மருத்துவம், யோகம் போன்ற முறைகளில் சிகிச்சை பெற வருவோருக்கு ஆயுஷ் விசாவும் சேர்ந்தது. 2025 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மருத்துவச் சுற்றுலாவை வளர்க்க விசா விதிகளை மேலும் எளிதாக்கப் போவதாக அறிவித்தார்.

வேறு வேலையாக வந்த இடத்தில் நோய்வாய்ப்பட்டவர்களுக்கும் வழி உண்டு. படிக்க வந்த மாணவருக்கோ சுற்றிப் பார்க்க வந்தவருக்கோ உடம்பு முடியாமல் போனால், கையிலிருக்கும் விசாவிலேயே 180 நாள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற 2019 முதல் அனுமதி இருக்கிறது. உறுப்பு மாற்று சிகிச்சைக்கு மட்டும் இந்தத் தளர்வு பொருந்தாது. அதற்கு மருத்துவ விசா கட்டாயம்.

வந்த பிறகு நடப்பதையும் கொஞ்சம் அருகில் சென்று பார்க்கலாம். வேலூரிலோ சென்னையிலோ ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வெளிநாட்டு நோயாளி பெட்டியை இறக்கி வைத்ததும் முதலில் கேட்பது பாஸ்போர்ட். புகைப்படப் பக்கம், விசாப் பக்கம், விமான நிலைய முத்திரை விழுந்த பக்கம் மூன்றும் ஜெராக்ஸ் ஆகும். 'ஃபார்ம்-சி' என்று லாட்ஜ்காரர்கள் சொல்லிப் பழகிய படிவத்தை 24 மணி நேரத்துக்குள் அரசு இணையத்தில் ஏற்ற வேண்டும். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் படிவத்தின் நகலைத்தான் தங்கிய இடத்துக்குச் சான்றாகக் கேட்பார்கள். லாட்ஜ்காரர் அதை ஏற்றாமல் விட்டிருந்தால், இரண்டு மாதம் கழித்து அவதிப்படுவது நோயாளி. சாவி வாங்கும்போதே படிவம் ஏறியதா என்று கேட்டு நகல் வாங்கிக்கொள்ளச் சொல்லும் மூத்த அட்டெண்டர்கள் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களின் அறிவுரை பல ஏஜெண்டுகளின் சேவையைவிட மேலானது.

2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களின் இடத்தை அது பிடித்தது. தங்குமிடங்களோடு மருத்துவமனைகளும் வெளிநாட்டு நோயாளிகளைப் பற்றிய விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது இதில் உறுதியாக எழுதப்பட்டிருக்கிறது. ஆக, மருத்துவமனைக்கு விசாவின் தொடக்கத்திலும் பொறுப்பு, நடுவிலும் பொறுப்பு. கடிதம் தருவதும் அதுதான், நோயாளி படுக்கையில் இருப்பதை அரசுக்குச் சொல்வதும் அதுதான்.

எந்தப் பாஸ்போர்ட், எந்தக் கதவு

ஒரே நோய், ஒரே டாக்டர், ஒரே படுக்கை. ஆனால் வந்து சேரும் வழி பாஸ்போர்ட்டைப் பொறுத்து மாறும்.

நேபாளத்தவருக்கும் பூட்டானியருக்கும் இந்தியா வர விசாவே தேவையில்லை. மாலத்தீவுக்காரர்கள் 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி வைத்தியத்துக்கு 90 நாள் வரை விசா இல்லாமல் வரலாம். அந்நாட்டின் 'ஆசந்தா' காப்பீட்டுத் திட்டம் இந்திய மருத்துவமனைகளில் நடக்கும் சிகிச்சைகளுக்கும் கைகொடுப்பதால் ஏழை மீனவரும் கிளம்பி வர முடிகிறது. விசாவும் காப்பீடும் ஒன்றுக்கொன்று தோள்கொடுத்தால் எல்லை எவ்வளவு சுருங்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இலங்கையர் 2015 ஏப்ரல் முதல் இணையம் வழியாக விசா பெறலாம். 2022-இன் பொருளாதார நெருக்கடியில் அங்கே மருந்துக்கே தட்டுப்பாடு வந்தபோது, வசதியுள்ளவர்களுக்குச் சென்னையும் திருச்சியும் மதுரையும் ஆறுதலாக இருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை–யாழ்ப்பாணம் விமான சேவை மீண்டும் தொடங்கியது. வடக்கிலிருக்கும் நோயாளி கொழும்பு வரை பஸ்ஸில் குலுங்கிப் போகாமல் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்தே ஏற முடிந்தது. சிகிச்சைக்கு வருகிறவருக்குப் பாதையும் விசாவைப் போலவே முக்கியம்.

வங்கதேசத்தின் நிலை வேறு. இந்தியாவுக்கு வைத்தியத்துக்கு வரும் வெளிநாட்டவரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்நாட்டவர். அவர்களுக்கு விசாக் கட்டணம் கிடையாது. ஆனால் இ-விசா வசதியும் இல்லாததால் விசா மையத்தில் முறை கிடைப்பதற்கே காத்திருக்க வேண்டும். 2024 ஜூனில் அப்போதைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா தில்லி வந்தபோது வங்கதேச நோயாளிகளுக்கு இ-மருத்துவ விசா தொடங்கப்படும் என்று பிரதமர் மோடி அறிவித்தார். ஆகஸ்ட் 5-இல் அங்கே ஆட்சி கவிழ்ந்தது. விசா மையங்கள் மூடப்பட்டு, பிறகு மருத்துவம் உள்ளிட்ட அவசரத் தேவைகளுக்கு மட்டும் குறைந்த அளவில் திறந்தன. கொல்கத்தாவின் மருத்துவமனைகளும் விடுதிகளும் வெறிச்சோடின. 2025 மார்ச்சில் வங்கதேச நோயாளிகளின் முதல் குழு சீனாவின் குன்மிங் நகருக்குப் புறப்பட்டது. மொழி தெரிந்த, சாப்பாடு ஒத்துப்போகும், தெரிந்தவர்கள் போய் வந்த ஊர்களை விட்டுப் புதிய தேசத்துக்கு நோயாளிகள் போக நேர்ந்தது அரசியலின் விளைவு. அங்கே நல்ல டாக்டர்கள் இருப்பார்கள். ஆனால் பாதியில் நின்ற சிகிச்சையின் ஃபைல் வேலூரிலும் கொல்கத்தாவிலும் இருக்கிறது.

நோயின் கணக்கு

மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் சிகிச்சையை நாள் வாரியாகப் போட்டுப் பார்ப்போம். பயாப்சி, ஸ்கேன், டாக்டர்களின் கலந்தாலோசனை என்று முதல் இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். அறுவை முடிந்து புண் ஆற மூன்று நான்கு வாரம். பிறகு கீமோ. 21 நாளுக்கு ஒன்று என்று ஆறு முறை கொடுத்தால், முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் இடையே மட்டும் 105 நாள். ரத்த அணுக்கள் குறைந்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும். அதன்பின் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் கதிர்வீச்சு. சிலருக்குக் குறிவைத்துத் தாக்கும் ஊசிகளை மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஓராண்டு போட வேண்டியிருக்கும். மாத்திரை ஐந்தாண்டு. மறு பரிசோதனை அதற்கும் மேல்.

இ-மருத்துவ விசா தருவது 60 நாள். மூன்று நுழைவுகளும் அதே 60 நாளுக்குள் அடங்கிவிடுகின்றன. கீமோவின் மூன்றாவது முறை வருவதற்குள் தாள் காலாவதியாகிவிடும். நீட்டிப்புக்கு வழி இருக்கிறது. மருத்துவமனைக் கடிதம், தங்குமிடச் சான்று, பாஸ்போர்ட் நகல்களோடு எஃப்.ஆர்.ஆர்.ஓ.விடம் விண்ணப்பிக்கலாம், பலருக்குக் கிடைக்கவும் செய்கிறது. ஆனால் வாந்தியிலும் காய்ச்சலிலும் நோயாளி துவண்டு கிடக்கும் நாளில் கணவர் கணினி மையத்தில் உட்கார்ந்து ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவர் இருக்க வேண்டிய இடம் படுக்கையின் பக்கம்.

மற்ற நோய்களிலும் இதுதான் நிலை. எலும்பு மஜ்ஜை மாற்றினால் ஏறக்குறைய நூறு நாள் மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்கச் சொல்வார்கள். சிறுநீரக மாற்றுக்குப் பின் முதல் சில மாதங்களில் ரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி போக வேண்டும். மருந்தின் அளவு கொஞ்சம் பிசகினாலும் உடல் புதிய உறுப்பைத் தள்ளிவிடும்.

ஊருக்குத் திரும்பியவர்களின் பாடு இன்னும் கடினம். 'மூன்று மாதம் கழித்து ரிவ்யூவுக்கு வாருங்கள்' என்று டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் எழுதியிருக்கும். அந்த ஒரு வரிக்காகப் புதிய கடிதம், புதிய விண்ணப்பம், புதிய காத்திருப்பு. ரிவ்யூ தவறினால் திரும்ப வளரும் கட்டி சின்னதாக இருக்கும்போது கண்ணில் படாமல் போகும். லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்த சிகிச்சையின் பலன் இந்த இடைவெளியில் கரைந்துபோகலாம்.

அட்டெண்டர் விதியும் நீண்ட நோயைக் கணக்கில் எடுப்பதில்லை. இந்தியாவில் அட்டெண்டர் விசா கணவன், மனைவி, பிள்ளைகள், ரத்த உறவினர் என்ற வட்டத்துக்குள் நிற்கிறது. இரண்டு மாதம் கூட இருந்த கணவர் வேலைக்குத் திரும்ப வேண்டும், அவர் இடத்துக்கு நாத்தனார் வர வேண்டும் என்பது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அந்த முறை மாற்றுவதற்கு எளிய வழி இருக்க வேண்டும்.

பேசத் தயங்கும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் அட்டெண்டர் வெளிநாட்டு மண்ணில் தனியாக நிற்கிறார். இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று, தன் நாட்டுத் தூதரகத்தின் தடையின்மைக் கடிதம் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். நோயாளியின் விசாவோடு பிணைந்த அவருடைய விசாவின் காரணமும் அன்றோடு முடிந்துவிடுகிறது. எந்த மருத்துவமனையிலும் வெளிநாட்டு நோயாளிகளுக்கான பிரிவின் தரத்தை அறிய, இந்த நாளில் அது அட்டெண்டரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால் போதும்.

கெடுபிடி நியாயமாகும் இடங்கள்

எல்லா விதியையும் தளர்த்திவிடலாம் என்று சொல்வது பொறுப்பாகாது. உறுப்பு மாற்று சிகிச்சையில் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஏழையின் சிறுநீரகம் பணக்காரரின் உடலுக்குப் போகும் வியாபாரம் தெற்காசியாவில் நடந்திருக்கிறது, நடக்கிறது. 1994-இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் 2011-இன் திருத்தமும் அதைத் தடுக்க எழுந்தவை. கொடுப்பவரோ பெறுபவரோ வெளிநாட்டவராக இருந்தால் அங்கீகாரக் குழுவின் முன் அனுமதி வேண்டும். பெறுபவர் வெளிநாட்டவர், கொடுப்பவர் இந்தியர் என்றால், இருவரும் நெருங்கிய உறவினராக இருந்தாலொழியக் குழு அனுமதிக்கக் கூடாது. இருவருமே வெளிநாட்டவரென்றால் உறவு உண்மைதான் என்று அவர்களின் தூதரக மூத்த அதிகாரி சான்றளிக்க வேண்டும்.

2024 ஜூலையில் தில்லி காவல்துறை பிடித்த ஒரு சிறுநீரகக் கும்பலில் கொடுத்தவர்களும் பெற்றவர்களும் வங்கதேசத்தவர். தூதரகத்தின் பெயரிலேயே போலிச் சான்றுகள் தயாரித்திருந்தார்கள். 2016 ஜனவரியில் இலங்கை வெளிநாட்டவருக்குச் சிறுநீரக மாற்று செய்வதையே நிறுத்தியது. இந்தியர்களின் சிறுநீரகங்கள் கொழும்பில் விற்கப்படுவதாகத் தெலங்கானா காவல்துறை கண்டுபிடித்ததே காரணம். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகள் வெளிநாட்டவருக்குப் போவது 2018-இல் பெரிய சர்ச்சையானது. உள்ளூர் நோயாளிகளின் பட்டியல் முழுவதையும் பார்த்து, யாருக்கும் பொருந்தாத நிலையில் மட்டுமே வெளிநாட்டவருக்கு என்ற வரிசைமுறை நியாயமானது. அந்த வரிசைக்கு உட்பட்டே கராச்சியைச் சேர்ந்த 19 வயதுப் பெண்ணுக்கு 2024 ஜனவரியில் சென்னையில் இதய மாற்று நடந்தது. இதயம் தில்லியிலிருந்து வந்தது. கண்டிப்பும் கருணையும் ஒரே விதிக்குள் இருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தடுப்பூசி விதி இன்னொன்று. மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளிலிருந்து இந்தியா வருகிறவர் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாளான பிறகே சான்று செல்லும். ஆனால் இது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸால் ஆன தடுப்பூசி. கீமோவில் இருப்பவருக்கோ உறுப்பு மாற்று மருந்து சாப்பிடுகிறவருக்கோ அதைப் போடுவது ஆபத்து. அவர்களுக்கு டாக்டர் தரும் விலக்குச் சான்று உண்டு. நைஜீரியாவிலிருந்தோ கென்யாவிலிருந்தோ ரிவ்யூவுக்கு வரும் நோயாளியிடம், டிஸ்சார்ஜ் நாளிலேயே இதைச் சொல்லி அனுப்புவது மருத்துவமனையின் வேலை.

எல்லை மூடும்போது

2003 ஜூலையில், ஒன்றரை ஆண்டாக நின்றிருந்த தில்லி–லாகூர் பேருந்து மீண்டும் ஓடத் தொடங்கியது. அதில் வந்த லாகூர்க் குழந்தைக்குப் பெங்களூருவில் இதய அறுவை நடந்தது. இரண்டு நாட்டு மக்களும் அந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொண்டார்கள். 2017-இல் பாகிஸ்தான் நோயாளி மருத்துவ விசா பெற, அந்நாட்டுப் பிரதமரின் வெளியுறவு ஆலோசகரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று இந்தியா நிபந்தனை விதித்தது. ஆகஸ்ட் 15 அன்று, நிலுவையிலிருந்த உண்மையான நோயாளிகள் அனைவருக்கும் விசா தருவதாக வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அறிவித்தார். 2025 ஏப்ரல் 22-இல் காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. அதைத் தொடர்ந்து பாகிஸ்தானியரின் விசாக்களை இந்தியா ரத்து செய்தது. மருத்துவ விசாவுக்கு ஏப்ரல் 29 வரை, மற்றவற்றைவிட இரண்டு நாள் அதிக அவகாசம். பிள்ளையின் இதய அறுவைக்குக் காத்திருந்த பெற்றோர் அறுவை நடக்காமலேயே அட்டாரி எல்லைக்குத் திரும்பினார்கள்.

பஹல்காமில் நடந்தது கொடூரம். அதற்குப் பதில் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு. ஆனால் அந்தப் பதில் அறுவைக்கு நாள் குறித்த குழந்தையின் வழியாகப் போக வேண்டியதில்லை. இந்தியா மட்டும் இப்படிச் செய்யவில்லை. காசாவிலிருந்து வெளியே சிகிச்சைக்குப் போக இஸ்ரேலின் அனுமதி வேண்டும். 2017-இல் கேட்டவர்களில் 54 விழுக்காட்டினருக்கே உரிய நேரத்தில் அது கிடைத்தது. அனுமதி மறுக்கப்பட்டோ தாமதமாகியோ 54 பேர் இறந்ததாகவும் அவர்களில் 46 பேர் புற்றுநோயாளிகள் என்றும் மனித உரிமை அமைப்புகள் அறிவித்தன. இந்தியாவும் இதற்கு முன்பே இப்படிச் செய்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்ததும், இந்தியா ஆப்கானியருக்கு ஏற்கனவே வழங்கியிருந்த விசாக்களைச் செல்லாதவையாக்கியது. தில்லி லஜ்பத் நகரில் ஆப்கானியரின் தாரி மொழியில் பலகை வைத்த மருந்துக்கடைகளுக்கு வந்துகொண்டிருந்த நோயாளிகளின் பாதை ஒரே வாரத்தில் அடைபட்டது.

என்ன செய்யலாம்

முதலாவது, மருத்துவ விசாவின் காலத்தைச் சிகிச்சைத் திட்டம் தீர்மானிக்க வேண்டும். மருத்துவமனைக் கடிதத்தில் எத்தனை மாதம், எத்தனை ரிவ்யூ என்று இருக்கிறது. அதையே விசாவின் அளவாக எடுத்துக்கொண்டு, புற்றுநோய்க்கும் உறுப்பு மாற்றுக்கும் ஐந்தாண்டுக்கான ரிவ்யூ நுழைவுகளைத் தொடக்கத்திலேயே வழங்கலாம். இரண்டாவது, மருத்துவமனைக் கடிதம் அதன் கணினியிலிருந்து நேரே அரசின் இணையத்துக்குப் போக வேண்டும். தாளாகக் கைமாறும்வரை போலிக் கடிதம் விற்கும் ஏஜெண்டுக்கு வேலை இருக்கும். மூன்றாவது, அட்டெண்டரை நடுவில் மாற்றவும், உறவினர் இல்லாதவருக்கு நண்பர் வரவும் வழி வேண்டும். நான்காவது, விசா மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நோயாளியின் மேல்முறையீட்டை நாட்கணக்கில் முடிக்க வேண்டும்.

ஐந்தாவதுதான் தலையாயது. உறவு முறிந்தாலும் எல்லை அடைத்தாலும், ஏற்கனவே சிகிச்சை தொடங்கிய நோயாளியின் விசா அந்தச் சிகிச்சை முடியும்வரை செல்லும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். புதியவர்களை அனுமதிப்பதா என்பது அரசின் முடிவு. ஆனால் தானே அனுமதித்து, தன் மண்ணில் கத்தி வைத்த உடலைத் தையல் பிரிக்கும் முன்பு திருப்பி அனுப்ப எந்த அரசுக்கும் நியாயம் இல்லை.

விசா விதி தில்லியில் எழுதப்படுகிறது. அதன் விளைவு வேலூரிலும் சென்னையிலும் தெரிகிறது. கீமோ நாளில் யார் வரவில்லை, ரிவ்யூ தேதியில் எத்தனை நாற்காலி காலியாக இருந்தது என்பது இங்குள்ள மருத்துவமனைகளின் பதிவேட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டு மருத்துவமனைகள் அந்தக் கணக்கைத் தொகுத்து உள்துறை அமைச்சகத்திடம் வைக்க வேண்டும், மாநில அரசு அதற்குத் துணை நிற்க வேண்டும். விதி மாறுவதற்கான ஆதாரம் அந்தப் பதிவேடுகளிலேயே கிடைக்கும்.